காதில் விட்ட தண்ணீர்

கரட்டுத்தோட்டம், பல்லடம் வழி
11-2-1996

மகள் பூவாத்தாளுக்கு அப்பா பாலுசாமி சொல்லி எழுதுவது. எழுதும் கை, பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் உம்மல் குல்சும். பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தாளே, அவள்தான். போனிலேயே பேசுங்களேன் என்றாள். சிவப்பு எண் ஓடுகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பேச்சு வராது.

ஆறு வருசமாக உன்னிடமிருந்து கடுதாசி இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் படம் போட்ட அட்டை மட்டும் வருகிறது. அதில் படிக்க ஒன்றும் இல்லாததால், படித்தவனுக்கும் எனக்கும் அதில் ஒரே பலன்தான்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து லட்சுமணசாமி நாயுடு பேப்பரோடு ஓடி வந்தார். "ஏனுங்க கவுண்டரே, உங்க புள்ள கோழியே இல்லாம கோழிக்கறி வளக்கறாளாமா! இனி நீங்க கோழிக்கொட்டாயை இழுத்துச் சாத்திப்போட வேண்டியதுதானுங்க" என்றார். உன் படம் போட்டிருந்தார்கள். முடியை வெட்டிவிட்டாய். முகம் உன் அம்மா நாச்சியம்மாளின் முகமேதான்.

எனக்குக் கொட்டாயில் இப்போது மூவாயிரம் பிராய்லர் குஞ்சு. நாற்பத்திரண்டாம் நாள் லாரி ஏறும். அதனால் தொழில் முறையில் கேட்கிறேன். உன் கறி எத்தனை நாளில் எடைக்கு வரும்? தீனி என்ன? சீக்கு வருமா?

ஐப்பசியில் எனக்கு நெஞ்சடைப்பு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். ஜீப்பில் போகும்போதே கருப்பராயனுக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டேன். செங்கிடாய், நெற்றியில் வெள்ளை. ஆடி நாலாம் வெள்ளி பூசை. நீ பேரன் மிதுனைக் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று பாப்பாயி அக்காவிடமும் நாயுடுவிடமும் சொல்லிவிட்டேன். ஆகவே வந்துவிடு. பழையதைப் பேச வேண்டாம்.

பாலுசாமி கைநாட்டு

(பூவா, பழையது என்னவென்று கேட்டேன். "நீ எழுது கண்ணு" என்கிறார். மை அதிகமாகிவிட்டது, கைநாட்டில் ரேகை தெரியாது, மன்னித்துக்கொள். குல்சும்.)


ஹூஸ்டன்
3-3-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நெஞ்சடைப்பை எனக்கு யாரும் சொல்லவில்லை. பாப்பாயி அத்தைக்குப் போன் செய்து சண்டை போட்டேன். "உங்கொப்பன்தாஞ் சொல்லாதீன்னு சத்தியம் வாங்கிப்போட்டாங் கண்ணு" என்றார். மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

தொழில் கேள்விக்கு முதலில் பதில். ஒரு கோழியின் மார்பிலிருந்து மிளகளவு சதை எடுத்தோம். புண் ஆறி, அது எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மிளகளவைக் கண்ணாடித் தட்டில் வைத்து, சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் காப்பாற்றினால் சதை தானாகப் பெருகுகிறது. இதுவரை விரல் நுனி அளவுதான் வந்திருக்கிறது. உங்கள் கொட்டாய்க்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

பழையதைப் பேச வேண்டாம் என்கிறீர்கள். குல்சும் அக்காவுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். அக்கா, சத்தமாகப் படியுங்கள்.

1990இல் மிதுனுக்குக் காது குத்த வந்தோம். கருப்பராயன் கோயிலில் கிடாய் கட்டியிருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம், வெட்டலாம். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. சின்ன வயதிலிருந்து நம் ஊரில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம் அது. அன்று மூன்று தடவை தெளித்தும் கிடாய் அசையவில்லை. பந்தியில் இருநூறு பேர். நீங்கள் சொம்பை வாங்கி அதன் காதுக்குள் தண்ணீரை விட்டீர்கள். தலையை உதறியது. அரிவாள் இறங்கியது.

நான் பக்கத்தில் நின்றேன். "கேட்டீங்க, அது சொல்றதுக்குள்ள நீங்களே பதிலச் சொல்லிப்போட்டீங்களேப்பா" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அமெரிக்காப் போயி இவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க" என்று சொல்லி உறவுக்காரர்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். நான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

அன்று நடந்ததை நடந்தபடி, சிரித்தவர்கள் முன்னால் சொல்லுங்கள். வருகிறேன்.

பூவாத்தாள்


கரட்டுத்தோட்டம்
20-3-1996

பூவாத்தாளுக்கு,

குல்சும் உன் கடுதாசியைப் படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

அன்று வெயில். சொம்பு கை நழுவியிருக்கும். ஆறு வருசத்துக்கு முந்தி எந்தத் துளி எங்கே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? இப்படிச் சொன்னதற்குக் குல்சும், "என்ர கல்யாணத்துக்கு வந்த வண்டி நெம்பரைப் போன வாரங்கூடச் சொன்னீங்களே மாமா. இது மட்டும் மறந்துபோச்சுங்களா?" என்கிறாள். எழுதத்தான் உட்கார வைத்தேன், வக்கீலாக அல்ல. இதையும் எழுதுகிறாள் பார்.

நீ என்னைக் கேட்டாய். நானும் கேட்கிறேன். மிளகளவு சதை எடுத்தாயே, அந்தக் கோழிக்குத் தண்ணீர் தெளித்தாயா? அது சிலுப்பியதா?

இன்னொன்று. இந்தக் கறி செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோகிறவர்களுக்காம், நாயுடு படித்தார். அங்கே ஆடு இல்லை, கோழி இல்லை. அங்கே குடியேறுகிறவன் கருப்பராயனுக்கு எதை நேர்ந்துகொள்வான்? கேட்பதற்கு எதிரே ஒரு முகமே இல்லாத கறியைத் தின்று பழகின பிள்ளை எப்படி இருக்கும்? இதை நக்கலாகக் கேட்கவில்லை. மூன்று நாளாகக் கொட்டாய்க்குள் குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும்போதெல்லாம் இதே நினைப்பு.

தீனி என்ன என்று கேட்டேன். சத்து நீர் என்றாய். தீனி என்ன?

பாலுசாமி கைநாட்டு


ஹூஸ்டன்
9-4-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

கோழியை நான் கேட்கவில்லை. மருந்து போட்டு மரத்துப்போகச் செய்துதான் எடுத்தோம். ஆனாலும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒரே கோழி, ஒரு சிராய்ப்பு, அதற்குப் பின் ஆயிரம் கோழிகளைக் கேட்க வேண்டிய தேவையே வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்குப் போய்ச்சேர எட்டு மாதம் ஆகும். ஆடு மாடு ஏற்ற முடியாது. அவற்றுக்குக் காற்றும் தண்ணீரும் தீனியும் யார் சுமப்பது? பருப்பும் கீரையும் வளர்க்கலாம். ஆனால் வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போனவர்களுக்கு, சத்தைவிட வீட்டுச் சாப்பாட்டின் வாசம்தான் பெரிய மருந்து என்கிறார்கள். எனக்கு அது புரியும். இங்கே வந்த முதல் வருசம், அம்மா வைக்கும் கோழிச்சாற்றின் மிளகு வாசத்தை நினைத்து ஒரு கடையின் நடுவில் நின்று அழுதிருக்கிறேன்.

முகம் இல்லாத கறி என்கிறீர்கள். அது குறையா, நிறையா? உங்கள் கொட்டாயில் மூவாயிரம் முகம். எதைக் கேட்டு லாரி ஏற்றுகிறீர்கள்? கோயில் கிடாயை மட்டும் கேட்கிறோம். அதையும் கேட்ட லட்சணம் தெரியும். என் கறி நிஜமானால் பூமியிலும் யாரையும் வெட்ட வேண்டாம். வலி தெரிகிற உயிர் அதில் இல்லை. அதற்காகத்தான் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்கிறேன்.

ஜூன் முதல் வாரம் ஒரு குழு பார்வையிட வருகிறது. என் அறிக்கை பிடித்திருந்தால் ஆராய்ச்சிக்கு ஐந்து வருசத்துக்குப் பணமும் அனுமதியும் கிடைக்கும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறேன்: "உயிர்ப்பலி இல்லாத இறைச்சி." அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

தீனி என்பது உப்பு, சர்க்கரை, இன்னும் சில சத்துகள் கலந்த நீர். அவ்வளவுதான்.

பூவாத்தாள்


கரட்டுத்தோட்டம்
28-4-1996

பூவாத்தாளுக்கு,

மூவாயிரம் முகம் என்று எழுதினாய். அன்று சாயங்காலம் கொட்டாய்க்குள் போகக் கால் கூசியது. போனேன். தண்ணீர் வைக்க வேண்டுமே.

ஆனால் தீனி விஷயத்தில் நீ என்னை ஏமாற்ற முடியாது. மூட்டையில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்காரனைக் கேட்டால் அவனும் "சத்துங்க" என்பான். பிரித்துப் பார்த்தால்தான் மக்காச்சோளம் எது, கருவாட்டுத்தூள் எது என்று தெரியும். உப்பையும் சர்க்கரையையும் குடித்துச் சதை போட்ட உயிரை நான் எழுபத்தி மூன்று வருசத்தில் பார்த்ததில்லை. சதைக்குச் சதைச்சத்து வேண்டும். இன்னும் சில என்றாயே, அதைச் சொல்.

தீனி என்றதும் எண்பத்திமூன்று பஞ்சம் ஞாபகம் வருகிறது. நீ அப்போது கோயமுத்தூர் ஹாஸ்டலில். கிணற்றில் பாறை தெரிந்தது. தீனிக்குச் சோளத்தட்டு இல்லாமல் ஊர் மாடெல்லாம் லாரி ஏறிக் கேரளாவுக்குப் போனது. நம் மயிலைப் பசு அப்போது ஆறு மாதச் சினை. லாரிக்காரன், "சினைன்னா என்னங்க, எடைக்கு எடைதானுங்களே" என்றான். நான் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுக்கப் போனேன். உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள். "ரெண்டு பேரும் ஒண்ணுக்குத்தான் வெல பேசறீங்க. உள்ள கெடக்கறதை யாருங்க கேட்டது?" என்றாள். லாரிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவள் கூரை ஓலையைப் பிடுங்கிப் போட்டு அதைக் காப்பாற்றினாள். கன்று பிழைத்தது. நீ லீவுக்கு வந்தபோது அதற்கு மணி வாங்கிக் கட்டினாய்.

சொல்ல வந்தது வேறு. எங்கேயோ போய்விட்டேன். தீனி என்ன?

பாலுசாமி கைநாட்டு


ஹூஸ்டன்
16-5-1996

அப்பா,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. அந்த மணியை நான் மறந்திருந்தேன்.

சொல்லிவிடுகிறேன். இறைச்சிக் கூடத்துக்கு வரும் மாடுகளில் சில சினையாக இருக்கும். வயிற்றைத் திறக்கும்போது கன்று கிடைக்கும். அந்தக் கன்றின் ரத்தத்தை எடுத்து, தெளியவைத்து, பாட்டிலில் விற்கிறார்கள். பிறக்காத உடம்பு வளர்கிற வேகம் அதில் இருக்கிறது. அதை ஊற்றினால்தான் என் சதை பெருகும். இந்தத் துறையில் எல்லோரும் அதைத்தான் ஊற்றுகிறோம். பாட்டிலில் லேபிள் ஒட்டி, ஐஸில் வைத்து வருகிறது. பார்க்க வெளிறிய தேன் மாதிரி இருக்கும். பத்து வருசமாக என் கையால் திறக்கிறேன். அதை ஒருநாளும் கன்று என்று நினைத்ததில்லை.

விரல் நுனிக் கறிக்கு ஒரு பாட்டில். "உயிர்ப்பலி இல்லாத இறைச்சி."

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த வரியை எழுதினேன். பின்னால் வேறு தீனி கண்டுபிடித்துவிடலாம், அதுவரை முதல் பக்கம் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். குழுவும் அந்த வரியைத்தான் எதிர்பார்த்து வருகிறது. பந்தியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது என்பார்களே, அந்த நிலைமை.

வரியை அடித்தால் ஐந்து வருசம் போகலாம். கூட வேலை செய்கிற நான்கு பேரின் பிழைப்பும் போகலாம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், தீனியைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

பூவா


கரட்டுத்தோட்டம்
27-5-1996

கண்ணு பூவாத்தா,

உன் கடுதாசியைக் குல்சும் படித்தாள். நடுவில் தாளைக் கீழே வைத்தாள். பூத்துக்குப் போன் பேச வந்தவரை, "செத்த வெளிய நில்லுங்க" என்று அனுப்பிவிட்டாள். மறுபடி படிக்கச் சொன்னேன்.

உன் தாளில் என்ன எழுதுவதென்று எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதவே தெரியாதவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீரை நான்தான் விட்டேன். கை நழுவவில்லை. வலது காது. விடும்போது கிடாய் என்னைப் பார்த்தது. அது கருங்கிடாய், இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்தது. பந்தியில் முதல் வரிசையில் உன் மாமனார் வீட்டார். சோறு வெந்து இறக்கியாகிவிட்டது. வெட்டாமல் கயிற்றை அவிழ்த்தால், "பாலுசாமி வீட்டுக் காதுகுத்துக்குச் சாமியே ஒப்பவில்லை" என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு நம் குழந்தை தலையில் விடியும் என்று பயந்தேன். இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். நிஜம் அதைவிடச் சின்னது. இருநூறு பேர் முன்னால் ஓர் ஆடு எனக்கு இல்லை என்று சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் நீ சொன்னாய். அதையும் தாங்க முடியவில்லை. உன் கண் மங்கிப்போனதாகச் சொன்னேன். அன்று அங்கே சரியாகப் பார்த்த கண் உன்னுடையது ஒன்றுதான்.

கன்று ரத்தத்தைக் கேட்டதும் கோபம் வந்தது. என் மகள் கையிலா என்று. வீட்டுக்கு நடந்து போகப் போகக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது.

ஜூன் முதல் வாரம் என்றாய். இது அதற்குள் வந்து சேர வேண்டுமென்று குல்சும் கூரியரில் போடுகிறாள்.

அப்பா


ஹூஸ்டன்
24-6-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் குழு வருவதற்கு முந்தைய நாள் வந்தது. நின்றுகொண்டே படித்தேன்.

முதல் பக்கத்தை மாற்றினேன். பெரிய எழுத்து வரியை எடுத்துவிட்டு, "இந்தச் சதை இன்று பிறக்காத கன்றின் ரத்தத்தில் வளர்கிறது. அது மாறும்வரை இதை உயிர்ப்பலி இல்லாதது என்று சொல்ல மாட்டோம்" என்று எழுதினேன். ஏழு பேர் மேஜையைச் சுற்றி. ஒருவர், "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, எதற்குப் போய் முதல் பக்கத்தில்?" என்று எரிச்சல்பட்டார். விண்வெளிக்குப் போகப் பயிற்சி எடுக்கும் ஒரு பெண்ணும் குழுவில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அங்கே போய்ச் சாப்பிட்ட பிறகு யாராவது சொல்லியிருந்தால், அப்புறம் நீங்கள் அனுப்பும் எதையும் நம்பித் தின்றிருக்க மாட்டேன்" என்றாள்.

ஐந்து வருசம் கிடைக்கவில்லை. ஒரு வருசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் கன்று இல்லாத தீனியைக் காட்ட வேண்டும். நால்வரில் இருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் என்னோடு பேசாமலே போனான்.

காளான் வேகவைத்த சாற்றை ஊற்றிப் பார்க்கிறேன். சதை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் பதினோரு நாளாகச் சாகவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

சிரித்தவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தேன். வேண்டாம். எனக்குச் சொன்னது போதும். ஆடி வெள்ளிக்கு என்னால் வர முடியாது. இந்தத் தட்டுகளை விட்டு ஒரு நாள்கூட நகர முடியவில்லை. அதற்குப் பிறகும் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. நான் வருவதாக ஊரில் சொல்லிவிட்டீர்கள், அவர்களிடம் என்ன சொல்வீர்களோ.

பூவா


கரட்டுத்தோட்டம்
11-8-1996

கண்ணு பூவாத்தா,

நேற்று முன்தினம் பூசை முடிந்தது. நடந்தபடி சொல்கிறேன்.

கிடாயைக் குளிப்பாட்டி, மாலை போட்டுக் கூட்டிப் போனேன். பூசாரி தண்ணீர் தெளித்தார். அது திரும்பித் தன் மாலையைத் தின்ன ஆரம்பித்தது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. மாலை பாதி தீர்ந்துவிட்டது. வெயில் ஏறியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாப்பாயி அக்கா கூட்டத்திலிருந்து கத்தினாள்: "என்றா பாத்துட்டே நிக்கறே? அன்னைக்கு உட்டாப்பல காதுல ரெண்டு சொட்டு உடு! சோறு ஆறுதுல்லோ!"

பார் கண்ணு, அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களும் அன்று சிரித்தவர்கள்தான்.

பூசாரி சொம்பை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. "ஒருக்கா ஊத்திப்போட்டனுங்க. பாத்ததைச் சொன்ன எம்புள்ளையப் பொய்க்காரியாக்கினேன். ஆறு வருசமா அவ வர்லீங்க. இன்னொருக்கா ஊத்தமாட்டனுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நாயுடு மட்டும், "அப்ப இன்னைக்கு ரசஞ்சோறுதானுங்களா கவுண்டரே?" என்றார். அப்புறம்தான் சிரித்தார்கள். ரசம் போதாமல் மோரில் தண்ணீர் சேர்த்தோம்.

வீட்டுக்கு வரும்போது வாய்க்கால் மேட்டில் ஒரு தூறல். கிடாய் தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது. பக்கத்தில் யாரும் இல்லை. கேட்டபோது சொல்லாமல், கேட்காதபோது சொன்னால் எடுபடாது என்று அதனிடம் சொல்லிவிட்டேன். இப்போது தோட்டத்தில் தட்டுப்போரைப் பிடுங்கித் தின்கிறது. இந்தத் தொகுதிக் குஞ்சு லாரி ஏறினதும் கொட்டாயில் அடுத்த குஞ்சு இறக்குவதா என்று யோசிக்கிறேன். இன்னும் முடிவு இல்லை. காளான் கொட்டாய் போட எவ்வளவு ஈரம் வேண்டும் என்று கேட்டுச் சொல்.

செவ்வாயிலிருந்து விழுந்த கல்லில் ஏதோ உயிர் இருந்த தடம் தெரிகிறதாம். நாயுடு நேற்றுப் படித்தார். அங்கே ஏற்கெனவே யாராவது இருந்தால், அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகச் சொல் உன் ஆட்களை.

நீ வருவதாக நான் சொல்லி வைத்தவர்களிடம், "நாஞ் சொன்னது பொய்யிங்க, அவளைக் கேக்காமச் சொன்னேன்" என்றேன்.

குல்சும் கேட்கிறாள், "கடைசியா, தைப் பொங்கலுக்குக் கட்டாயம் வந்துரோணும்னு எழுதிப்போடட்டுங்களா மாமா?" என்று.

வேண்டாம் என்றேன். தைக்கு வருகிறாயா கண்ணு? இப்படி எழுதினால் போதும். கேட்டாயிற்று. சொம்பைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன்.

அப்பா